மக்களின் பெயரால்

அதிகாரம் முழுவதும் மக்களிடமிருந்தே பிறக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகு, அந்த மக்களின் கையையே கட்டிப்போடுவது அறமாகுமா? பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சில் இரு நூல்கள் இந்தக் கேள்வியை எதிரெதிர்த் திசைகளிலிருந்து அணுகின. சட்டம் இயற்றுவதும், அதை நிறைவேற்றுவதும், வழக்குகளைத் தீர்ப்பதும் ஒரே கையில் சேர்ந்தால் சுதந்திரம் அழியும் என்று 1748இல் வெளியான 'சட்டங்களின் சாரம்' நூலில் மான்டெஸ்கியூ எழுதினார். அந்தக் கை பிரபுக்களுடையதானாலும் மக்களுடையதேயானாலும் விளைவு ஒன்றுதான் என்பது அவர் முடிவு. 1762இல் 'சமுதாய ஒப்பந்தம்' எழுதிய ரூசோவோ இறையாண்மையைப் பிரிக்கவே முடியாது என்றார். அதைக் கூறுபோட்ட அறிஞர்களை, சிறுவனைத் துண்டாடி வானில் எறிந்து மறுபடி உயிரோடு இறக்கும் வித்தைக்காரர்களோடு ஒப்பிட்டார்.

ஆனால் ரூசோவைப் பொறுமையாகப் படித்தால் இந்த எதிர்ப்பு அவ்வளவு முழுமையானதல்ல என்று தெரியும். சட்டம் செய்பவரே அதை நிறைவேற்றுவது நல்லதல்ல என்று அவரும் சொன்னார். மக்களின் இறையாண்மையை வேறொருவர் பிரதிநிதியாக ஏந்த முடியாது என்றும், ஆங்கிலேயர்கள் தேர்தல் நாளில் மட்டுமே சுதந்திரர்கள் என்றும் கடுமையாக எழுதினார். என் வாதம் இங்கிருந்தே தொடங்குகிறது. ஒரு பெரிய நாட்டில் மக்கள் நேராக வந்து ஆள்வதில்லை. ஒரு மன்றமோ குழுவோ தலைவரோ அவர்கள் பெயரால் ஆள்கிறார். ஆகவே அதிகாரப் பிரிவினை கட்டிப்போடுவது மக்களின் கையை அல்ல, அவர்கள் பெயரைச் சொல்லி நீளும் கையை.

1789ஆம் ஆண்டு பிரெஞ்சுப் புரட்சியின் மனித உரிமைப் பிரகடனம் இரண்டையும் சேர்த்தே வைத்தது: இறையாண்மை தேசத்துக்கு உரியது என்றது மூன்றாம் பிரிவு, அதிகாரங்கள் பிரிக்கப்படாத சமுதாயத்துக்கு அரசமைப்பே இல்லை என்றது பதினாறாம் பிரிவு. நான்கே ஆண்டுகளில் அந்த இணைப்பு அறுந்தது. 1793இல் மக்கள் வாக்களித்து ஏற்ற அரசமைப்பை, போர் முடியும்வரை என்று சொல்லி, அப்போது ஆண்ட மன்றமான தேசிய மாநாடு ஒதுக்கிவைத்தது. 1794 ஜூன் 10ஆம் தேதிச் சட்டம் புரட்சித் தீர்ப்பாயத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞரை மறுத்தது. விடுதலை, இல்லையேல் மரணம் என்று தீர்ப்பைச் சுருக்கியது. கூண்டில் நின்றவரும் மக்களில் ஒருவர்தான் என்பதை மக்களின் பெயரால் பேசியவர்கள் மறந்தார்கள். அந்நியப் படைகள் எல்லையில் நின்றன, உள்நாட்டிலும் கலகம் மூண்டது, அப்போது வேறு வழி ஏது என்று கேட்கலாம். ஆபத்து உண்மையானதுதான். ஆனால் ஜூன் 26இல் ஃப்ளூரூஸ் போரில் பிரெஞ்சுப் படை வென்று ஆபத்து விலகத் தொடங்கிய பிறகும் பாரிஸில் கில்லட்டின் ஓயவில்லை. அந்தச் சட்டம் வந்த ஏழு வாரங்களுக்குள் 1,300 பேருக்கும் மேல் தலை இழந்தனர். ஜூலை 28இல் அந்த ஆட்சியின் முன்னணித் தலைவரான ரோபஸ்பியரே விசாரணையின்றிக் கொல்லப்பட்டார். அவருக்கும் ஒரு விசாரணை உரியதாகவே இருந்தது.

ஆபத்துக்கால வாதத்தைவிடக் கனமான ஆட்சேபம் வேறொன்று: பிரிக்கப்பட்ட அதிகாரம் சலுகை பெற்றவர்களின் கோட்டையாகிறது என்பது. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. மான்டெஸ்கியூவே போர்தோ நீதிமன்றப் பதவியை வாரிசாகப் பெற்று, பின்னர் விற்றவர். விவசாயிகளைக் கூலியின்றிச் சாலை போடவைத்த முறையை 1776இல் அமைச்சர் துர்கோ ஒழிக்க முனைந்தபோது, பாரிஸ் நீதிமன்றம் பிரபுக்களின் பக்கமே நின்றது. அதிகாரத்தைப் பிரித்து அமைத்த அமெரிக்காவில், கறுப்பின மக்கள் குடிமக்களாக முடியாது என்று 1857இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதிகாரம் பிரிந்திருந்தும் அந்த அநீதி நடந்ததற்குக் காரணம், யார் மக்கள் என்ற கணக்கிலேயே அடிமைகள் விடுபட்டிருந்ததுதான். அங்கே இறையாண்மை யாருடையது என்ற ரூசோவின் கேள்வி இல்லாமல் மான்டெஸ்கியூவின் விடை போதாது. ஆனாலும் அந்தத் தீர்ப்பைத் துடைக்க நீதிமன்றத்தைக் கலைக்க வேண்டியிருக்கவில்லை. 1865, 1868ஆம் ஆண்டுகளின் அரசமைப்புத் திருத்தங்கள் அதைச் செய்தன. மக்களின் இறையாண்மைக்கு உரிய இடம் அதுவே என்பேன்: எல்லோருக்குமான விதியை மாற்றுமிடம், தனியொருவரின் தலையைத் தீர்மானிக்குமிடம் அல்ல. அந்தத் திருத்தங்களுக்கு முன்னே ஆறு லட்சம் உயிர்களைக் குடித்த உள்நாட்டுப் போர் வந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. தாமதத்தின் விலையை அதுவரை தலைமுறை தலைமுறையாகக் கொடுத்துவந்தவர்கள், அந்த அரசமைப்பை எழுத அழைக்கப்படாதவர்கள்.