பாறையும் உளியும்

மாமல்லபுரத்துக் கடற்கரையிலே ஒற்றைக்கல் தேர்களைக் காண்போர், "என்னே உறுதி!" என வியப்பர். பாறையைப் புகழ்வர், உளியை மறப்பர். உளி பட்ட இடம் சிற்பமாயிற்று. உளி நின்ற இடம் வெறுங்கல்லாகவே கிடக்கிறது. முற்றுப்பெறாத தேர்களே அதற்குச் சான்று.

சட்டத்தையும் பலர் பாறையாகவே காண்கின்றனர். "சட்டம் வேறு, அரசியல் வேறு" என்பது அவர்தம் வாதம். இறைமையுடையோன் இடும் கட்டளையே சட்டம் என்றார் ஆஸ்டின். சட்டத்தை ஆராயும் அறிவியலில் அரசியல் கலத்தல் ஆகாது என்றார் கெல்சன். ஆராய்ச்சிக்கு அந்தத் தூய்மை தேவைப்படலாம். ஆனால், கட்டளை இடுவோன் யார்? அவனை அரியணை ஏற்றியது எது? இந்த வினா எழுந்ததும் தூய்மை விடைபெறுகிறது. அரசியல் உள்ளே வருகிறது.

தொலைவிலே தேட வேண்டாம். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டிலே, சௌந்தரபாண்டியனார் தலைமையில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடிற்று. பெண்ணுக்கும் ஆணைப்போல் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானித்தது. அன்று அது சட்டமா? இல்லை. வெறும் அரசியல்! நகைத்தவர் பலர்.

புரோகிதரும் சடங்கும் இன்றி நடந்த சுயமரியாதைத் திருமணம் ஒன்று செல்லாது என 1953-ல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் அன்றிருந்த சட்டத்தைத்தான் சொல்லிற்று. ஆனால் அந்தச் சட்டம் வானத்திலிருந்து விழுந்ததா? சடங்கைச் சட்டமாக்கியதும் ஒருகாலத்து அரசியலே. மூப்படைந்த அரசியல் தன்னை மரபு என அழைத்துக்கொள்கிறது. இளைய அரசியலைக் கலகம் எனத் தூற்றுகிறது.

1967-ல் அண்ணா அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. முன்னர் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லுபடியாயின. 1989-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தம் கூட்டுக்குடும்பச் சொத்திலே மகளுக்குப் பிறப்புரிமை தந்தது. ஆயினும் அதற்குமுன் மணமானவளை ஒதுக்கிற்று. 2005-ல் நாடு தழுவிய திருத்தம் அந்த ஒதுக்கலையும் நீக்கிற்று. செங்கற்பட்டுத் தீர்மானம் சட்டமாக எழுபத்தாறு ஆண்டுகள்!

"அப்படியானால் சட்டம் என்பது வலியோர் விருப்பம்தானே? அதற்கு ஏன் மதிப்பு?" என்று கேட்கும் இளைஞர் உண்டு. அவர்களுக்கும் செங்கற்பட்டே விடை கூறுகிறது.

1891-ல் இம்மாவட்ட ஆட்சியர் திரெமென்கீர், நிலமின்றி மிராசுதாரரின் பிடியிலே வாடிய தாழ்த்தப்பட்டோரின் நிலையை அறிக்கையாக எழுதினார். அடுத்த ஆண்டு, அவர்களுக்கு நிலம் ஒதுக்க அரசாணை பிறந்தது. அவையே பஞ்சமி நிலங்கள். ஆணை காகிதத்திலே இருந்தது. நிலமோ பல ஊர்களில் பிறர் கைக்கு மாறிற்று. ஊரை ஆண்ட அரசியல், அரசின் ஆணையை விழுங்கிற்று. நூறாண்டு கழித்து, 1994-ல், மாமல்லபுரத்தை அடுத்த காரணையிலே அந்நிலத்தை மீட்கப் போராட்டம் மூண்டது. செங்கற்பட்டிலே நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர்.

பின்னால் நிற்க அரசியல் வலிமை இல்லாத சட்டம் உறங்கிவிடும் என்பது இதில் ஒரு பாடம். இன்னொன்றும் உண்டு. அந்த எளியோர் கேட்டது பிச்சையன்று, உரிமை! அப்படிக் கேட்கும் துணிவைத் தந்தது பழைய அந்த ஆணை. சட்டம் வலியோரின் நிழல் மட்டுமே எனில், வலியோரை எதிர்த்து எளியோர் அதைச் சுட்டிக்காட்டுவது எங்ஙனம்?

ஆகவே, சட்டத்தை ஆக்குவது அரசியல். ஆக்கியபின் அது ஆக்கியோரையும் கட்ட வேண்டும். முன்னதை மறப்போர் அநீதியை நிலையானது என நம்பி அடங்குவர். பின்னதை மறப்போர், ஆட்சி கைக்கு வந்ததும் தாமே புதிய மிராசுதாரர் ஆவர். இரண்டையும் நினைவிற் கொள்வோரிடமே உளியை ஒப்படைக்கலாம்.