பழுதில்லாத லேப்டாப்

என் தங்கை போன வருடம் வாங்கிய லேப்டாப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எடை ஒன்றேகால் கிலோவுக்கும் கீழே. திறந்த உடனே எழுந்துகொள்ளும். காலையில் சார்ஜ் போட்டால் ராத்திரி வரை தாங்கும். ஆனாலும் அதன் முன்னால் உட்காரும்போதெல்லாம் அவள் முகம் வாடிப்போனது. இவ்வளவு நல்ல பொருளை வாங்கிவிட்டு எதற்கு வருத்தம் என்று கேட்டவர்கள் யாரும் அவள் வேலை செய்வதைப் பார்த்ததில்லை.

திருப்பூரில் சின்னச் சின்ன பனியன் கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறாள். டாலி என்ற கணக்கு மென்பொருள்தான் அவளுக்கு எல்லாம். டாலியில் தேர்ந்தவர்கள் மவுஸைத் தொடுவதே அபூர்வம். எஃப்5 தட்டினால் பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல். இடது கை பில் கட்டைப் புரட்டும். வலது கை கீபோர்டின் வலது ஓரத்து நம்பர் பேடை விட்டு நகராது. அங்கே 5 என்ற பட்டன் மேல் சின்ன மேடு ஒன்று உண்டு. நடுவிரலுக்கு அது தட்டுப்பட்டால் போதும், மற்ற எண்களைக் கண் தேட வேண்டியதில்லை. கண் பில்லிலேயே இருக்கும். நூல் பில், சாயப்பட்டறை பில், லாரி வாடகை என்று ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்ப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு வேலை கைக்கு இப்படிப் படிவதற்கு வருடங்கள் பிடிக்கின்றன.

புது லேப்டாப்பில் நம்பர் பேட் இல்லை. 13 அங்குலத் திரைக்குக் கீழே அதற்கு இடமே கிடையாது. மேல் வரிசை எண்களை அடிக்க இரண்டு கையும் வேண்டும். பில் கட்டை யார் புரட்டுவது? எஃப்8 தட்டினால் வவுச்சர் திறக்காமல் வேறு ஏதோ நடந்தது. அதை மாற்றிவைக்க வழி இருந்தது, மாற்றிக்கொண்டாள். டிஜிட்டல் கையெழுத்துக்கான டி.எஸ்.சி. டோக்கனைச் செருகப் பழைய யூ.எஸ்.பி. துளை இல்லை, அதற்கு ஒரு அடாப்டர். தனி நம்பர் பேட் ஒன்றும் வாங்கினாள். அது மேசையில் வழுக்கிக்கொண்டே இருந்தது. கை அதைத் தேடிப் போய்த் தேடிப் போய் மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தது.

இதையெல்லாம் கூடச் சமாளித்துவிடலாம். ஆனால் ஜி.எஸ்.டி. வேலை தெரிந்தவர்களுக்கு மாதத்தின் 14ஆம் தேதிக்கும் 20ஆம் தேதிக்கும் நடுவில் என்ன நடக்கும் என்று தெரியும். விற்றவர்கள் தங்கள் விற்பனைக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்-1ஐ 11ஆம் தேதிக்குள் போடுகிறார்கள். அதிலிருந்து நம் கொள்முதலுக்கான 2பி பட்டியல் 14ஆம் தேதி வருகிறது. மாதாமாதம் தாக்கல் செய்பவர்கள் 20க்குள் 3பி ரிட்டர்ன் போட்டாக வேண்டும். இந்த ஆறு நாளில் நம் கொள்முதல் கணக்கையும் 2பியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒத்துப்பார்க்க வேண்டும். 15 எழுத்து ஜி.எஸ்.டி. எண், பில் எண், தேதி, வரிக்கு முந்திய தொகை, இரண்டு வரிகள். ஒரு பில் 2பியில் இல்லையென்றால் அதில் கட்டிய வரியை இந்த மாதம் கழித்துக்கொள்ள முடியாது. முதலாளி போனில் சத்தம் போடுவார். இரண்டு ஷீட்டையும் 13 அங்குலத்தில் அடக்கினால் எழுத்து எறும்பாகிவிடுகிறது. பெரிதாக்கினால் கடைசி இரண்டு நெடுவரிசை திரைக்கு வெளியே போய்விடுகிறது. நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தோம். பழுது இருந்தால் மாற்றித் தருகிறோம் என்றார்கள். நியாயம்தான். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் குறைபாடு என்றால் தரத்தில், அளவில், தூய்மையில் உள்ள கோளாறைத்தான் சொல்கிறது. என் கைக்கும் கண்ணுக்கும் ஒத்துவரவில்லை என்று எந்தச் சட்டத்தின் கீழும் புகார் கொடுக்க முடியாது. அவள் வருத்தத்தின் கடுமையே இதில்தான் இருந்தது என்று நினைக்கிறேன். பொருள் கெட்டுப்போயிருந்தால் கடைக்காரரோடு சண்டை போட்டு ஆற்றிக்கொள்ளலாம். நல்ல பொருளாகப் போய்விட்டதால் கோபப்பட வேறு ஆள் கிடைக்காமல் தன் மேலேயே கோபப்பட்டாள்.

இத்தனைக்கும் விசாரிக்காமல் வாங்கியவள் இல்லை. பலரைக் கேட்டாள். எல்லோரும் முதலில் கேட்டது பட்ஜெட் எவ்வளவு என்று. அப்புறம் பிராசஸர், ரேம், பேட்டரி. வீடியோவில் பேசுகிறவர்களும் எடை எத்தனை கிராம் குறைந்திருக்கிறது என்பதைப் பெரிய சாதனையாகச் சொல்கிறார்கள். தினமும் தோளில் சுமந்து அலைகிறவர்களுக்கு அது சாதனைதான். அவள் லேப்டாப் அந்த மேசையை விட்டு இறங்குவதே வருடத்தில் ஓரிரு முறை. காலையில் உட்கார்ந்ததும் உன் கை என்ன செய்யும் என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். விலை குறைந்த, கனத்த, அகலமான ஒன்றைக் காட்டியிருப்பார்கள். பொருளைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகப் பேசத் தெரிந்த நமக்கு அடுத்தவர் வேலையைப் பற்றிக் கேட்கத் தோன்றுவதில்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. கணக்கு எழுதுவது, தையல், சமையல் என்று வீட்டுக்குள் நடக்கும் வேலை என்றால் இன்னும் மோசம். அதற்கு என்ன பெரிய மெஷின் வேண்டியிருக்கிறது என்று முடித்துவிடுகிறார்கள்.

வித்துடு என்றேன். “இவ்வளவு காசு போட்டு வாங்கியாச்சுங்க்கா. இதுலயே ஓட்டிப் பழகிக்க வேண்டியதுதான்” என்றாள். இந்தப் பேச்சை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். எங்கள் வீட்டில் பணம் அப்படித்தான் சேர்ந்தது. வாங்கியதைத் தேயும் வரை வைத்துக்கொண்டதால்தான் இரண்டு பெண்களும் படித்தோம். ஆனால் அவள் சொன்னதில் சிக்கனத்தைவிடத் தண்டனை அதிகம் இருந்தது. தப்பாக வாங்கினேன், அதனால் கஷ்டப்படுகிறேன் என்று தனக்குத் தானே விதித்துக்கொண்டது.

ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1985இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஓஹையோ பல்கலைக்கழக நாடக அரங்கில் சீசன் டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு மட்டும், யாரென்று பார்க்காமல், விலையைக் குறைத்துக் கொடுத்தார்கள். முழு விலை கொடுத்தவர்களே சீசனின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான். போன பணம்தான் ஆளை இழுத்துக்கொண்டு வந்தது. இரண்டாம் பாதியில் அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. எனக்கு இந்த இரண்டாவது விஷயம்தான் முக்கியமாகப் படுகிறது. கொடுத்த பணத்தின் பிடி நாளாக ஆகத் தளர்கிறது. ஆனால் மொத்தமாகக் கொடுத்த பணத்துக்குத்தான் அது பொருந்தும். என் தங்கையைப் போலத் தவணையில் வாங்கியவர்களை விட்டு அது எப்படிப் போகும்? ஒவ்வொரு மாதமும் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வரும்போது பணம் அன்றைக்குத்தான் கையை விட்டுப் போகிறது. போன ஐப்பசியில் எடுத்த முடிவை அவள் மாதாமாதம் புதிதாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அவளை அசைத்தது என் பேச்சு இல்லை. சித்தப்பா மகள் காலேஜில் சேர்ந்தாள். தினமும் கோயம்புத்தூருக்கு பஸ்ஸில் போய்வருகிறாள், பையில் இடமில்லை, எழுதுவதும் படிப்பதும்தான் வேலை. லேசான லேப்டாப் ஒன்று தேடிக்கொண்டிருந்தாள். தங்கையிடம் கிடந்து கஷ்டம் கொடுத்த அதே மெஷின் அந்தப் பெண்ணுக்கு அளவெடுத்தது போல இருந்தது. வாங்கிய விலையில் கணிசமாகக் குறைத்துக் கொடுத்தாள். புதியதைப் பார்க்கக் கடைக்குப் போகும்போது ஒரு கட்டு பில்லைக் கையோடு எடுத்துப் போனாள். வைத்திருந்த 15.6 அங்குல மாடல்கள் ஒவ்வொன்றிலும் எக்ஸெல்லைத் திறந்து பில் தொகைகளை அடித்துப் பார்த்தாள். கடைப் பையன் பொறுமையாக நின்றான். மூன்றாவது மெஷினில் அவள் நிமிரவே இல்லை. கட்டு பாதி வரை போய்விட்டது. அதையே எடுத்துக்கொண்டாள். பழையது விற்ற பணம் அதற்குப் போதுமானதாகவே இருந்தது.

பழையதற்கான தவணை இன்னும் ஓடுகிறது. அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. “வூட்ல இல்லாத சாமானுக்கு மாசாமாசம் பணம் கட்டுவியா அம்மிணி?” என்று கேட்டாள்.

“சாமான் சித்தப்பா வூட்ல இருக்குதும்மா. காசு நான் வாங்குனதுக்கு, அதைக் கட்டித்தானே ஆகோணும். வேலைக்கு எதுக்கு அதைக் கட்டி அழுவோணும்?” என்றாள் தங்கை.

அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் இரண்டு பேரும் இன்னும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.