பானெட்டைத் தூக்கு!

சித்திரை வெயில். கார் ஏசி அனல் கக்குகிறது. “கேஸ் தீர்ந்துபோச்சு சார், ஃபில் பண்ணணும்” என்கிறார் பட்டறைக்காரர். நீயும் பர்ஸைத் திறக்கிறாய். தீர்ந்துபோக அது என்ன பெட்ரோலா? மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும் வாயு அது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. “எங்கே கசிவு?” என்று கேட்டாயா? அதற்குப் பட்டம் வேண்டாம், முதுகெலும்பு போதும்!

பானெட்டைத் தூக்கு. கண்டென்ஸரில் தூசி அப்பியிருக்கிறதா? ஃபேன் சுற்றுகிறதா? கேபின் ஃபில்டரைக் கடைசியாக எப்போது மாற்றினாய்? பல வண்டிகளுக்கு வைத்தியம் இங்கேயே முடிந்துவிடும். வாயுவோடு ஆயிலும் ஓடுவதால் கசியும் இடம் பிசுபிசுக்கும். அங்கே சோப்பு நுரை தடவு, குமிழி காட்டிக்கொடுக்கும்.

கசிவை அடைத்தாயிற்றா? இனி பானெட்டுக்கு அடியில், வாயுவின் பெயர் சொல்லும் ஸ்டிக்கரைப் படி. ஆர்-134ஏ என்றால் துணிந்து இறங்கு. ஆர்-1234ஒய்எஃப் என்றால் கை வைக்காதே, அது தீப்பற்றக்கூடியது. எஞ்சினை அணைத்து, தடித்த குழாயில் ‘எல்’ மூடியிட்ட லோ (குறைந்த அழுத்த) பக்கத்தில் கேஜை மாட்டு. முள் பூஜ்யத்திலேயே கிடந்தால் உள்ளே காற்றும் ஈரமும் புகுந்திருக்கும். வாக்குவம் பம்ப் இல்லாமல் அதற்கு வழியில்லை. முள் ஏறி நின்றால் வேலை உன்னுடையது!

கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள். வாயுக் கேனுக்குள் இருப்பது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிக்கும் திரவம், பட்டால் தோல் உறைந்து புண்ணாகும். எஞ்சினை ஓடவிடு, ஏசியை முழு வேகத்தில் வை. கேஜோடு இணைத்த கேனை நிமிர்த்தியே பிடி. கவிழ்த்தால் திரவம் பாய்ந்து கம்ப்ரஸர் உடையும். ஹை (உயர் அழுத்த) பக்கம் போகவே போகாதே, கேன் வெடிக்கும். அன்றைய வெயிலுக்கேற்ற அழுத்தம் கேஜ் அட்டவணையில் இருக்கும். அதைத் தொட்டதும் நிறுத்து! கூட ஏற்றினால் கூடக் குளிரும் என்பது பேராசை. கூடினாலும் குளிர் குறையும். (மிஞ்சியதைக் காற்றில் திறந்துவிடாதே. புவியைச் சூடாக்குவதில் அது கார்பன் டை ஆக்ஸைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல்.)

முள் பூஜ்யமா? வெட்கமென்ன! பட்டறைக்கே போ. இந்த முறை பர்ஸைத் திறக்கும் முன் வாயைத் திற: “வாக்குவம் எவ்வளவு நேரம் பிடிச்சீங்க? ஸ்டிக்கர்ல இருக்கற கிராம் கணக்குப்படிதானே ஏத்துனீங்க? பழைய கசிவு எந்த இடத்துல, காட்டுங்க.”