ஊழும் எலுமிச்சம் பழமும்

மாங்காட்டுக் காமாட்சியம்மன் கோயிலில் எலுமிச்சம் பழத்தோடு வரிசையில் நிற்கும் பெண்களில் சிலர், ஆறு வார வழிபாட்டில் இது எத்தனையாவது வாரம் என்று எண்ணும்போதே, மாதவிலக்காகி இன்று எத்தனையாவது நாள் என்பதையும் மனத்துக்குள் எண்ணிக்கொள்கிறார்கள். முன்னது அம்பாளுக்குரிய கணக்கு. பின்னது, தரிசனம் முடிந்து பூந்தமல்லிக்கோ ஆவடிக்கோ பஸ் ஏறிப் போய், கருமுட்டையின் வளர்ச்சியை ஸ்கேனில் பார்க்கும் டாக்டரம்மாவிடம் சொல்லவேண்டிய கணக்கு. விலக்காகிவிட்டால் கோயிலுக்குப் போவதற்கில்லை. டாக்டரம்மாவின் கணக்கும் அன்றே முதல் நாளுக்குத் திரும்பிவிடுகிறது.

இவ்விரு வாசல்களிலும் ஏறி இறங்குகிறவளைப் பார்த்து உலகம் இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. தெய்வத்தினிடம் நம்பிக்கை உண்டானால் ஊசியும் மருந்தும் எதற்கு என்பது ஒன்று. ஸந்ததி இல்லாமை பூர்வ கர்ம பலனானால், கோயிலும் வைத்தியமும் சேர்ந்துதான் என்ன செய்துவிடும் என்பது மற்றொன்று. பழமொழிகளைச் சாட்சிக்கு அழைத்துப் பயனில்லை. அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று பரிகசித்த அதே ஜனங்கள்தாம், சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பதற்கு, சஷ்டி விரதம் இருந்தால் கருப்பையில் வரும் என்று வியாக்கியானமும் செய்தார்கள்.

முதற் கேள்வி அத்தனை கனமானதன்று. மாங்காட்டு ஸ்தல புராணப்படி, அம்பிகையே தான் வேண்டியதைப் பெறுவதற்காகப் பஞ்சாக்கினியின் நடுவே ஒற்றைக் காலில் நின்று தபஸ் செய்தவள். பத்துப் பன்னிரண்டு நாள் அடிவயிற்றில் ஊசி போட்டுக்கொள்பவளுடைய பிரயத்தனம் அம்பிகைக்கு அபசாரமாகத் தோன்றும் என்று நான் நினைக்கவில்லை. இந்தப் பிரயத்தனத்துக்குச் செலவும் உண்டு. 1990-இல் டாக்டர் கமலா செல்வராஜின் சிகிச்சையால் சென்னையில் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்த நாள் தொட்டு, நகையை அடகு வைத்து இச்சிகிச்சைக்குப் போனவர்கள் பலர்; எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் இப்போது அதற்கென்று ஒரு மையம் வந்திருப்பது ஆறுதல்.

இரண்டாவது கேள்விதான் கடினம். அதற்கு விடை சொன்னவர், பதின்மூன்றாம் நூற்றாண்டில் திருப்பெண்ணாகடத்தில் வாழ்ந்த அச்சுத களப்பாளர். பிள்ளையில்லாத அவருக்காகக் குலகுரு தேவார ஏட்டில் கயிறு சார்த்தித் திருவுளக் குறிப்புப் பார்க்க, திருவெண்காட்டு முக்குளத்தில் நீராடுவோர் பிள்ளைப் பேறு அடைவர் என்னும் கருத்துள்ள சம்பந்தர் பாட்டு வந்தது. தம்பதிகள் அங்கே நீராடி வழிபட்டிருக்கையில், இந்தப் பிறவியில் உனக்கு அந்தப் பாக்கியம் இல்லை என்று இறைவனே கனவில் சொல்ல, சம்பந்தர் வாக்கை நம்பி வந்தேன், இப்பிறவியில் இல்லையானால் மறுபிறவியிலாவது கிடைக்கட்டும் என்று அவர் கூசாமல் பதில் சொன்னார் என்றும், அதன்பின் பிறந்தவரே சிவஞான போதம் அருளிய மெய்கண்டார் என்றும் சைவர்கள் சொல்லுவார்கள்.

தம் ஊழை இறைவன் வாயாலேயே கேட்ட பிறகும் எழுந்து போய்விடாதவருக்குத்தான் சைவ சித்தாந்தத்தின் ஆசாரியர் பிறந்தார் என்பதைக் கர்மம் கர்மம் என்கிறவர்கள் கவனிக்கவேண்டும். எனக்கு அதனினும் பெரிதாகப் படுவது வேறொன்று. இப்பிறவியில் இல்லாவிட்டாலும் சரி என்று சொன்னவர் களப்பாளரே. மாமியார் சொல்லவில்லை, வளைகாப்பு வீட்டில் சந்தனக் கிண்ணத்தை நகர்த்தி வைக்கும் பெரியம்மாளும் சொல்லவில்லை. பிராரப்தம் என்பது துக்கப்படுகிறவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் ஸமாதானம். இனிப் போதும் என்று சிகிச்சையை நிறுத்தும் பெண்ணுக்கு அந்நாளில் அது துணையாகலாம். அதையே பிறர் சொன்னால் வசவு. களப்பாளரின் மனைவி என்ன சொன்னார் என்பதை மட்டும், நான் கேட்ட மட்டில், கதை சொல்பவர் யாரும் சொன்னதில்லை.

மலடி என்ற சொல் நாவில் புரளும் அளவுக்கு மலடன் என்ற சொல் புரள்வதில்லை. வைத்தியர்களின் அனுபவத்திலோ, இப்படி வரும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஆண் பக்கத்துக் காரணம் தனித்தோ சேர்ந்தோ இருக்கிறது. அப்படியிருந்தும் நீர்க்கட்டியா, குழாய் அடைப்பா என்று மனைவிக்குச் சகல சோதனைகளும் முடிந்த பிறகுதான் பல வீடுகளில் கணவனைப் பற்றிய பேச்சே எழுகிறது. மனைவியோடு மாங்காட்டுக்கு ஆறு வாரம் நடக்கச் சம்மதிக்கும் அம்பத்தூர், ஆவடிக் கணவர்கள், ஒரு காலை வேளையில் முடிந்துவிடும் விந்தணுப் பரிசோதனைக்கு முதல் வாரத்திலேயே போய்வர வேண்டுகிறேன்.