சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது

பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் உதவியாளராக இருக்கிறேன். கணினி வந்து எங்கள் வேலை மேம்பட்டதா என்று கேட்டால், மேம்பட்டது என்றுதான் சொல்வேன். முன்பு பழைய மதிப்பெண் ஒன்றைச் சரிபார்க்க ரெஜிஸ்டரைத் தூசி தட்டிப் புரட்ட வேண்டும். இப்போது பதிவெண்ணைத் தட்டினால் போதும்.

இன்னொரு லாபமும் உண்டு. ஃபைல் மேஜையில் இருந்த காலத்தில் மேஜைக்காரர்தான் ராஜா. தெரிந்தவருக்கு இன்றைக்கே, மற்றவருக்கு அடுத்த வாரம். யார் வீட்டுப் பிள்ளை, என்ன சாதி என்பதெல்லாம் கேட்காமலே கேட்கப்படும். கணினிக்கு முகம் தெரியாது. கவுன்டரில் பேசத் தயங்குகிற முதல் தலைமுறைப் பையனுக்கு அது பெரிய விடுதலை.

முகம் தெரியாததற்கு ஒரு விலையும் இருக்கு. தமிழ்ப் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கிறது. ஆதாரில் 'செல்வி முருகன்', சான்றிதழில் 'எம். செல்வி' என்று வைத்துக்கொள்வோம். எங்கள் செக்‌ஷனில் எவருக்கும் சந்தேகம் வராது, ஒரே பெண்தான். மென்பொருளுக்கு இரண்டு பேர்.

அப்போது வருகிற வாக்கியம்: "சிஸ்டம் எடுக்க மாட்டேங்குதும்மா." இதில் பொய் இல்லை. ஆனா எழுவாய் யாருன்னு பாருங்க. மறுத்த மனிதர் அந்த வாக்கியத்திலேயே இல்லை. அதிகாரவர்க்கம் என்பது யாருமே ஆளாத ஆட்சி, அதனாலேயே கொடுமையாகவும் மாறக்கூடும் என்று ஹன்னா ஆரெண்ட் 1958இல் வந்த நூலில் எச்சரித்தார். பழைய மேஜைக்காரரோடு சண்டையாவது போடலாம். சிஸ்டத்தோடு யார் போடுவது?

மாதக் கடைசியில் முடித்த விண்ணப்பங்களை வைத்து எங்கள் வேலைத்திறனைக் கணக்கிடுகிறார்கள். செல்வியின் விண்ணப்பத்தை 'நிராகரிக்கப்பட்டது' என்று மூட இரண்டு நிமிஷம். நாலு இடத்துக்கு ஃபோன் போட்டு, குறிப்பு எழுதி, கையெழுத்து வாங்கிச் சரிசெய்ய மூன்று நாள். பட்டியலில் இரண்டுக்கும் மதிப்பு ஒன்றுதான். இந்தக் கணக்கில் நல்ல ஊழியர் யார்?

பழைய மேஜை திரும்ப வரணும்னு நான் கேட்கலை. கணினி மறுக்கும் இடத்தில் ஒரு மனிதர் தன் பெயரைப் போட்டு, காரணம் எழுதி, அதை மீற வழி வேண்டும். யார் எதற்காக மீறினார் என்பதும் பதிவாகட்டும். பழைய ராஜாக்கள் முளைக்காமல் அது பார்த்துக்கொள்ளும். அதற்கும் கணினியே உதவும்.

அதுவரை, 'சிஸ்டம்' என்று ஆரம்பிக்காமல் 'நான்' என்று ஆரம்பிக்கப் பார்க்கிறேன். "நான் பார்க்கிறேன், வியாழக்கிழமை வாங்க." அந்த மாதம் என் எண்ணிக்கை கொஞ்சம் குறையும்.