தனிவழிப் பயணமும் மோர் கேட்ட அன்னையும்

நம் இல்லங்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய விருப்பம் தலைகாட்டி வருகிறது. படித்து முடித்து, வேலையில் அமர்ந்து, கையில் நாலு காசு சேர்ந்ததும், யாரையும் உடன் அழைத்துக்கொள்ளாமல் ஒரு வாரம் எங்கேனும் சென்றுவர இளைஞர்கள் விரும்புகின்றனர். ஒருவர் உரோமைக்குச் செல்கிறார். இன்னொருவர் புளோரன்சு நகருக்கு. பழைய ஆலயங்களையும் ஓவியங்களையும் காண்பது, அவ்வூர் உணவை மனம்போல் உண்பது, மாலையில் காலாற நடப்பது, இவ்வளவுதான் திட்டம். பெரியவர்களுக்கு இது உவப்பாக இல்லை. "திருப்பயணம் என்றால் புரிகிறது. தனியே போய் ஊர் பார்ப்பதும் தின்பதும் எதற்கு?" என்று கேட்கின்றனர். பழங்கால மனப்பான்மை என்று இக்கேள்வியை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இதனுள் ஓர் அறக்கேள்வி அடங்கியுள்ளது. பிறரோடு பகிராத இன்பம் நல்லின்பம் ஆகுமா?

பகுத்துண்பதை அறமாகப் போற்றும் பண்பாடு நம்முடையது. எனவே பெரியவர்களின் தயக்கத்திற்கு வேர் உண்டு. ஆயினும் திருப்பயணம் புனிதமானது, ஊர் பார்த்து உண்பது வீணானது என்று கோடு கிழித்துவிட இயலுமா? 16ஆம் நூற்றாண்டில் உரோமையில் வாழ்ந்த புனித பிலிப் நேரியை எண்ணிப் பார்ப்போம். அவர் தம் இளமையில் இரவு நேரங்களில் தனியராக அந்நகரின் ஆலயங்களுக்கும் நிலத்தடிக் கல்லறைகளுக்கும் நடந்து சென்று செபித்தவர். பின்னாளில் ஏழு பேராலயங்களைக் கால்நடையாகத் தரிசிக்கும் பழைய பக்தி முயற்சிக்குப் புத்துயிர் ஊட்டியபோது, பெருங்கூட்டம் அவரோடு நடந்தது. வழியில் ஒரு தோட்டத்தில் அனைவரும் அமர்ந்து ரொட்டியும் முட்டையும் பாலாடைக்கட்டியும் உண்டு, திராட்சை இரசம் பருகி, இசை கேட்டு மகிழ்ந்தனர். தனிமையும் விருந்தும் ஒரே புனிதரின் வாழ்வில் அடுத்தடுத்து அமர்ந்திருந்தன. இரண்டில் எதுவும் அவரை இறைவனிடமிருந்து பிரிக்கவில்லை.

நம் வேளாங்கண்ணியிலும் இந்தக் கோடு நிற்பதில்லை. ஆகஸ்டு 29ஆம் நாள் கொடியேறியது முதல் செப்டம்பர் 8ஆம் நாள் அன்னையின் பிறப்பு விழா வரை இலட்சக்கணக்கானோர் இங்கே கூடுகின்றனர். காலையில் பேராலயத்தில் கண்ணீரோடு மெழுகுதிரி ஏற்றிய அதே குடும்பம், மாலையில் கடற்கரையில் பொரித்த மீன் வாங்கி உண்கிறது. குழந்தைகள் அலையில் கால் நனைக்கின்றன. இவர்களுள் யார் திருப்பயணி, யார் ஊர் பார்க்க வந்தவர் என்று பிரித்தெடுக்க யாராலும் ஆகாது. ஆகவே நல்ல பயணத்தையும் வெறும் பயணத்தையும் வேறுபடுத்துவது வேறொன்றாக இருத்தல் வேண்டும்.

அது என்ன என்பதை இத்திருத்தலத்தின் மூன்று மரபுச் செய்திகளே நமக்குச் சொல்கின்றன. நாகப்பட்டினத்தில் உள்ள தன் எசமானருக்குப் பால் கொண்டு சென்ற சிறுவனிடம், வழியில் அன்னை தம் குழந்தைக்குப் பால் கேட்டார். நடுத்திட்டில் மோர் விற்ற, நடக்க இயலாத ஏழைச் சிறுவனிடம் மோர் கேட்டார். புயலில் சிக்கிய போர்த்துக்கீசிய மாலுமிகள் செப்டம்பர் 8ஆம் நாள் இக்கரையில் ஒதுங்கியபோது, இவ்வூர் மீனவர்களே அவர்களை ஓலைக் குடிசை ஆலயத்திற்கு அழைத்துச் சென்றனர். முதல் இரண்டில் வழிப்போக்கராய் வந்து கேட்பவர் விண்ணக அரசி. கொடுப்பவர்கள் கூலிக்கும் அன்றாடப் பிழைப்புக்கும் உழைத்த சிறுவர்கள். மூன்றாவதில், பெற்றுக்கொண்ட மாலுமிகள் பெற்றதை மறக்கவில்லை. கல்லால் ஒரு சிற்றாலயம் எழுப்பினர். மீண்டும் வந்தபோது சீனப் பீங்கான் தட்டுகளைக் காணிக்கையாகக் கொணர்ந்தனர். உணவு மேசைக்குரிய தட்டுகள் பீடத்தை அணி செய்தன.

இம்மூன்றிலும் ஒரே உண்மை ஊடாடுகிறது. வழியில் இருப்பவர் கேட்டுப் பெற வேண்டியவர். ஊரை விட்டுப் புறப்பட்ட எவரும் பிறர் வார்க்கும் நீருக்கும் பிறர் காட்டும் வழிக்கும் கடன்பட்டவர். நம் முன்னோர் சத்திரங்களிலும் தண்ணீர்ப் பந்தல்களிலும் இதை உணர்ந்தனர். இன்றும் கால்நடையாக வேளாங்கண்ணிக்கு வருவோர், ஊர்தோறும் கிடைக்கும் ஒரு குவளை மோரில் இதை உணர்கின்றனர். பணமோ இக்கடனை மறைத்துவிடுகிறது. "காசு கொடுத்தேன், கணக்குத் தீர்ந்தது" என்று எழுந்துவிடுகிறோம். உரிய விலையைக் கொடுப்பது நீதி. அதில் குறை வைத்துவிட்டு நன்றியைப் பற்றிப் பேசுவது போலித்தனம். ஆனால் நீதி செலுத்தியபின்னும் மிச்சம் ஒன்று நிற்கிறது. இவ்வூரில் நம் இலையில் விழும் சோற்றுக்குப் பின்னால், காவிரியின் கடைமடையில் தண்ணீர் எப்போது வரும் என்று வாய்க்காலைப் பார்த்து நின்ற உழவர் இருக்கிறார். மீனுக்குப் பின்னால் விடியுமுன் கடலில் இறங்கியவர் இருக்கிறார். 2004 டிசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள் ஞாயிறன்று, ஆழிப்பேரலை இக்கரையில் எத்தனையோ பயணிகளை வாரிச் சென்றது. தங்கள் வீட்டாரையே இழந்து நின்ற இப்பகுதி மக்கள், பெயரும் ஊரும் தெரியாத அந்நியர்களின் உடல்களையும் எடுத்து அடக்கம் செய்தனர். அதற்கு எந்த விலைப்பட்டியலில் இடம் உண்டு?

கடன் மறந்த பயணம் பெருகினால் ஊர்களே சலிப்படைகின்றன. இத்தாலியின் வெனிசு நகரம் 2024ஆம் ஆண்டில், சில நாள்களில் தங்காமல் வந்து பார்த்துப்போவோரிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் பெறத் தொடங்கியது. விருந்தினரை வரவேற்ற ஊர் வாயிலில் சீட்டுக் கொடுக்கும் நிலைக்கு வந்தது. விழா முடிந்த மறுநாள் நம் கடற்கரையில் சிதறிக் கிடக்கும் குப்பையைக் கண்டோர்க்கு அவ்வூராரின் மனம் விளங்கும். விருந்தோம்பும் ஊருக்கும் கடமை உண்டு. விழாக் கூட்டத்தைக் கண்டதும் அறை வாடகையையும் உணவு விலையையும் உயர்த்துகிறவர், கேட்டு வந்த அன்னையையே திருப்பி அனுப்புகிறார்.

இத்தாலியிலிருந்து நம்மிடம் வந்தவர்கள் இந்தக் கடனை எவ்வாறு தீர்த்தனர் என்பதையும் நாம் அறிவோம். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, தாம் பிறந்த நாட்டின் உணவை விட்டு, நம் சோற்றையும் காய்கறியையும் நாளுக்கு ஒரு வேளை உண்டு, தமிழ் கற்றார். பின்னர் வந்த வீரமாமுனிவர் தேம்பாவணியையும் 1732இல் சதுரகராதியையும் தமிழுக்குக் கொடுத்தார். உண்ட சோற்றுக்கு அவர்கள் மொழியால் மறுமொழி அளித்தனர்.

ஒரு வாரம் செல்பவரால் அகராதி எழுத முடியாது. ஆயினும் தனிமை அவருக்கு ஒரு வாய்ப்பைத் தருகிறது. புளியோதரையும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு கூட்டமாகச் செல்கையில், நாம் நம் ஊரையே உடன் எடுத்துச் செல்கிறோம். யாரிடமும் எதையும் கேட்கத் தேவையில்லை. தனியே செல்பவரோ வழி கேட்டாக வேண்டும். தெரியாத உணவின் பெயரைக் கேட்டாக வேண்டும். உடல் நலிந்தால் அந்நியரின் கையைப் பற்றியாக வேண்டும். எம்மாவுக்குச் சென்ற வழியில் சீடர்களோடு சேர்ந்துகொண்ட அந்த அந்நியர், அழைப்பை ஏற்று உள்ளே சென்று பந்தியில் அமர்ந்த பின்னரே, அப்பத்தைப் பிட்கையில் அறியப்பட்டார். கேட்கவும் பெறவும் கூச்சப்படாதவர் உண்ணும் மேசையில், அவர் தனியே அமர்ந்திருந்தாலும், சமைத்தவரும் விளைத்தவரும் உடன் அமர்ந்திருக்கின்றனர்.

ஆதலால் தனியே செல்லும் பிள்ளைகளைத் தடுக்க வேண்டியதில்லை. அவ்வூர் மொழியில் நன்றி சொல்லும் சொல்லையேனும் கற்றுச் செல்லுமாறு சொல்லி அனுப்புவோம். செபிப்பவர் முன் நிழற்படக் கருவியை நீட்டவும், ஏழை வியாபாரியிடம் பேரம் பேசவும் கூசும் மனத்தை வளர்ப்போம். அவர்கள் திரும்பி வந்ததும், என்னென்ன பார்த்தாய், என்னென்ன சாப்பிட்டாய் என்று கேட்பதோடு நில்லாமல், யாரிடம் பெற்றுக்கொண்டாய் என்றும் கேட்போம். அக்கேள்விக்கு ஒரு முகத்தையேனும் நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல முடிந்தவரின் பயணம், அவர் உரோமைக்குச் சென்றிருந்தாலும் வேளாங்கண்ணிக்கு வந்திருந்தாலும், திருப்பயணமே.