மறைப்பது யாருக்காக?

மின்னஞ்சலில் பெறுநரை எழுத மூன்று கட்டங்கள்: டூ, சிசி, பிசிசி. முதல் இரண்டில் இருப்பவர்களை எல்லோரும் பார்க்கலாம். மூன்றாவதில் இருப்பவரை அனுப்பியவர் மட்டுமே அறிவார். அதனாலேயே ஆபீஸில் அதற்குக் கெட்ட பெயர். பிசிசி போட்டான் என்றால் போட்டுக்கொடுத்தான் என்று அர்த்தம்.

அந்தக் கெட்ட பெயர் நியாயம்தானா?

சிசி என்பது கார்பன் காப்பி. சூரமங்கலத்தில் டைப்ரைட்டிங் ஹையர் வரை படித்த என் அத்தைக்கு அது கையில் ஒட்டும் மை. கடிதத்தின் அடியில் 'நகல்' என்று போட்டு, யாருக்கெல்லாம் போகிறது என்று எழுதுவது முறை. இந்தப் பேச்சு யார் முன்னால் நடக்கிறது என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரிய வேண்டும் இல்லையா? முதல் தாளை உருவிவிட்டு, நகலில் மட்டும் இன்னொரு பெயரைத் தட்டினால் அது 'பிளைண்ட்' காப்பி.

மென்பொருள் செய்வதும் அதேதான். மெயில் சர்வருக்கு உறை தனியாக, கடிதம் தனியாகப் போகிறது. உறையில் எல்லா முகவரிகளும் இருக்கும். மற்றவர்கள் பார்க்கும் கடிதத்தில் பிசிசி வரி இருக்காது. 1982இல் வந்த ஆர்எஃப்சி 822லேயே இந்தக் கட்டம் உண்டு.

கருவி ஒன்று, செயல்கள் இரண்டு. நீங்களும் நானும் பேசும்போது கதவுக்குப் பின்னால் மேனேஜரை நிறுத்திவைப்பது ஒன்று. அங்கே ஏமாறுவது நீங்கள். ஒருவரையொருவர் அறியாத இருநூறு பேருக்கு எழுதும்போது முகவரிகளை மறைப்பது இன்னொன்று. அங்கே யாரும் ஏமாறுவதில்லை.

"எல்லாரும் எல்லாரையும் பார்த்தா என்ன தப்பு? வெளிப்படையா இருக்கட்டுமே" என்று கேட்கலாம். 2021 செப்டம்பரில் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம், தாலிபான் கைப்பற்றிய ஆப்கானிஸ்தானிலிருந்து வெளியேறத் தகுதியுள்ள 245 பேருக்கு ஒரே மின்னஞ்சல் அனுப்பியது. முகவரிகள் எல்லாம் டூ கட்டத்தில். 55 பேரின் புகைப்படமும் தெரிந்தது. இரண்டு பேர் ரிப்ளை ஆல் அழுத்தினார்கள். அதில் ஒருவர் தான் இருக்கும் இடத்தையே சொல்லிவிட்டார். 2023 டிசம்பரில் அமைச்சகத்துக்கு 3,50,000 பவுண்டு அபராதம்.

2015இல் லண்டனின் 56 டீன் ஸ்ட்ரீட் கிளினிக் 700க்கும் மேற்பட்டவர்களுக்கு அனுப்பிய எச்ஐவி செய்திமடலிலும் இதே தவறு. அவர்களில் எச்ஐவி இல்லாத சிலரும் இருந்தார்கள். பட்டியலைப் பார்ப்பவருக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?

இரண்டிலும் ரகசியம் முகவரி மட்டுமல்ல. அந்தப் பட்டியலில் இருப்பதே ரகசியம். வெளிப்படைத்தன்மை நல்லதுதான், என்னுடையதை நான் திறந்துகாட்டும்வரை. அடுத்தவர் என்னை நம்பிக் கொடுத்ததைத் திறக்க எனக்கு உரிமை கிடையாது.

பலருக்குப் பிசிசியில் அனுப்பும்போது, முதல் வரியிலேயே "விண்ணப்பித்த அனைவருக்கும் இது செல்கிறது" என்று சொல்லிவிடலாம். கூட்டம் தெரியும், முகம் தெரியாது. மேனேஜருக்குத் தெரிய வேண்டியது என்றால் சிசியில் போடுவதே மரியாதை. அந்தப் பெயரைப் பார்த்தபின் எவ்வளவு பேசலாம் என்று எதிராளி முடிவு செய்துகொள்வார்.

மறைத்தது நாளை தெரியவந்தால் நன்றி சொல்வார்களா, ஏமாந்தோம் என்று நினைப்பார்களா? அனுப்பும் முன் கேட்க இந்த ஒரு கேள்வி போதும்.